பைன் தோட்டத்தில் மரம் கழிப்பது வீண் இல்லை

"நியூசிலாந்தில் ரேடியாட்டா பைன் மரங்களில் பாதிக்கு மேல் இளசிலேயே வெட்டி அங்கேயே போட்டுவிடுகிறார்கள், விட்டுவைத்தால் இரண்டு மடங்கு வருமானம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். முதல் பாதி சரி, இரண்டாவது தவறு.

ஹெக்டேருக்கு 800 முதல் 1,000 கன்று நடுவதே பின்னால் கழிப்பதற்காகத்தான், அதாவது வேண்டாததை வெட்டி நெருக்கத்தைக் குறைப்பதற்காகத்தான். நெருக்கத்தில் தண்டு நேராக ஓடும், பக்கக்கிளை பருக்காது. ஏறக்குறைய 8–10 வயதில் வளைந்தது, கவட்டை விட்டது, நோஞ்சான் எல்லாவற்றையும் வெட்டி 300–400 மரமாகக் குறைப்பார்கள். கழிக்காமல் விட்டால் மொத்தக் கன அளவு கொஞ்சம் கூடலாம். ஆனால் அத்தனையும் ஒல்லித் தடி. விலையைத் தீர்மானிப்பது தடியின் சிறுமுனை (மெல்லிய நுனிப்பக்கம்) விட்டமும் கணுக்களும். 25–30 வயதில் பலகை அறுக்கப் போக வேண்டிய மரம் காகிதக் கூழுக்குப் போகும்.

தாமதமாகக் கழித்தாலும் கேடுதான். நெருக்கத்தில் ஒல்லியாக உயர்ந்துவிட்ட மரம் திடீரென்று இடைவெளி கிடைத்ததும் காற்றில் சாயும்.

வெட்டியதை அங்கேயே விடுவது ஏன்? செங்குத்துச் சரிவிலிருந்து இழுத்துவரும் கூலிக்கே கட்டாது. வெட்டிப்போட்ட கழிவை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும் என்ற கவலை நியாயமானது. ஆனால் 2018 ஜூனில் நியூசிலாந்தின் கிழக்குக் கரையிலுள்ள டோலகா விரிகுடாவில் வெள்ளம் கொண்டுவந்து குவித்தது முக்கியமாக இறுதி அறுவடையின் மிச்சம். தடிகளைச் சேர்க்கும் மேடையின் ஓரத்தில் குவிக்கும் கழிவுதான் பெருமழையில் சரிந்து ஓடைக்குள் இறங்குகிறது. கட்டுப்படுத்த வேண்டியது அதைத்தான்.