கணக்கு டியூஷனுக்கு அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே கேள்விதான். "டீச்சர், பத்தாவதுக்கு எடுக்கறீங்களா, ஃபீஸ் எவ்வளவு, சென்டம் வாங்க வெச்சிருவீங்களா?" தனித்தனியாகப் பதில் தட்டிக் கை ஓய்ந்துவிட்டது, அதனால் எல்லாருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்டத்துக்கு நான் உத்தரவாதம் தருவதில்லை. தருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் தாராளமாகப் போகலாம், எனக்கு வருத்தமில்லை.

நான் கோத்தகிரிக்காரி. அப்பா அம்மா இரண்டு பேரும் எஸ்டேட் வேலை. படித்தது அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். கல்லூரிக்குக் கோயம்புத்தூர் இறங்கினேன், எம்.எஸ்சி. கணிதம், அப்புறம் பி.எட். திரும்பி வந்து ஒரு தனியார் பள்ளியில் சில வருடங்கள் வேலை. அது எந்தப் பள்ளி என்று கேட்காதீர்கள். ஒன்பதாவது முடிகிற நேரத்தில் கணக்கில் தடுமாறுகிற பிள்ளைகளின் வீட்டாரைக் கூப்பிட்டு, நயமாகப் பேசி, டி.சி. வாங்க வைத்துவிடுவார்கள். பத்தாவது ரிசல்ட் நூறு சதவீதம் வந்தால்தானே வாசலில் ஃபிளெக்ஸ் கட்ட முடியும். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகளில் சிலர் சாயங்காலம் என் வீட்டுக்குக் கணக்கு கேட்டு வர ஆரம்பித்தார்கள், என் டியூஷன் தொடங்கிய கதை அவ்வளவுதான். வேலையை அதற்கப்புறம் விட்டேன்.

இனி எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன் என்பதற்கு வருகிறேன், சண்டையே இங்கேதான் வருகிறது. பத்தாவது படிக்கிற பிள்ளை வந்தாலும் முதல் சில வாரம் நான் பத்தாவது புத்தகத்தைத் திறப்பதில்லை. பின்னம், குறை எண், சதவீதம், எளிய சமன்பாடு இவைதான். "பத்தாவது பையனுக்கு ஆறாவது பாடம் நடத்தறீங்களாமே?" என்று அம்மாக்கள் கோபமாகவே கேட்கிறார்கள். ஆமாம், நடத்துகிறேன். 3x = 12 என்று எழுதி x எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். 9 என்று சொல்லும் பிள்ளைகள் ஒவ்வொரு பேட்ச்சிலும் இருக்கிறார்கள். எப்படி 9 என்றால், "3 அந்தப் பக்கம் போனா மைனஸ் ஆகும்ல டீச்சர்" என்பார்கள். அந்தப் பிள்ளை முட்டாள் இல்லை, சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடித்திருக்கிறது. பக்கம் மாறினால் குறி மாறும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், ஏன் மாறுகிறது, இரண்டு பக்கமும் ஒரே எண்ணைக் கழித்தால் என்ன நடக்கிறது என்று யாரும் நிறுத்திச் சொல்லவில்லை. இந்த ஓட்டையோடு இருபடிச் சமன்பாட்டுக்குப் போனால் என்ன ஆகும்? கைடைப் பார்த்து மனப்பாடம்தான். அதனால் என்னிடம் முதலில் இரண்டு பக்கமும் செய்வதை எழுதிக் காட்ட வேண்டும், "பக்கம் மாத்தினேன்" என்று சொல்லக்கூடாது. ஒரு மாதம் முனகுவார்கள், பழகிவிடும்.

சதவீதத்துக்கு எனக்குப் புத்தகமே தேவைப்படுவதில்லை. பாதி வீடுகளில் பச்சைத் தேயிலை போட்ட ரசீது கிடக்கிறது. 46 கிலோ இலை, மழை ஈரத்துக்கு 10 சதவீதம் கழிவு, விலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், கைக்கு எவ்வளவு வரும்? 4.6 கிலோ போய் 41.4 கிலோ, 828 ரூபாய். இதைப் போட்டு முடித்த ஒரு பெண், கழிவே இல்லையென்றால் 920 ஆச்சே என்று தானாகவே அடுத்த கணக்கைப் போட்டு, போன வார ரசீதை எடுத்து வருகிறேன் என்று எழுந்துவிட்டாள். நோட்டில் பத்துக் கணக்கு போட வைத்திருந்தால் இது நடந்திருக்குமா?

முக்கோணவியலுக்கு நம்ம ஊர் ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறுகிறதே, ஆசியாவிலேயே செங்குத்தான ரயில் பாதை என்று பெயர் எடுத்தது, அது எத்தனை டிகிரி ஏறுகிறது என்று கேட்பேன். 45 என்பான் ஒருவன், 60 என்பாள் ஒருத்தி, ரொம்ப ஜாக்கிரதையான பிள்ளை 30 என்று சொல்லும். தேர்வுக் கணக்கில் பெரும்பாலும் 30, 45, 60 தானே வருகிறது, உலகத்தில் கோணமே அந்த மூன்றுதான் என்று ஆகிவிட்டது. சரி, வரைந்து பார்ப்போம். அதிகபட்சச் சரிவு ஏறக்குறைய 12 அடிக்கு 1 அடி. கிராஃப் தாளில் 12 செ.மீ. கிடையாக, 1 செ.மீ. மேலே, கோட்டைச் சேர்த்துப் பாகைமானியை வை. ஐந்து டிகிரிகூட வராது! வரைந்தது தப்பு என்று அழித்துவிட்டு மறுபடியும் வரைவார்கள். அப்புறம் tan அட்டவணையில் 0.083-ஐத் தேடச் சொல்வேன், அதே பதில்தான் வரும். இந்தச் சின்னச் சரிவுக்கே கல்லாறிலிருந்து குன்னூர் வரை தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த கம்பி போட்டு, இஞ்சினில் பல் சக்கரம் மாட்டி, வழுக்காமல் பிடித்து ஏற்ற வேண்டியிருக்கிறது என்று சொன்னால் முகத்தைப் பார்க்க வேண்டும். 45 டிகிரியில் ரயில் ஏறுமா என்று நான் திருப்பிக் கேட்பதே இல்லை, அவர்களே சிரித்துவிடுவார்கள்.

மார்க் விஷயத்தில் எனக்கு அக்கறை இல்லை என்று நினைக்காதீர்கள். வினாத்தாள் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வடிவியல் வரைதலும் வரைபடமும் ஆளுக்கு 8, மொத்தம் 16. ஒரு மார்க் கேள்வி 14. இந்த இரண்டையும் ஒழுங்காகச் செய்தால் 30 வந்துவிடும், தேர்ச்சிக்கு 35 போதும். ஜனவரியில் பயந்துபோய் வருகிற பிள்ளைக்கு நானும் இந்த வழியைத்தான் காட்டுவேன், அந்த நேரத்தில் பின்னத்திலிருந்து ஆரம்பிப்பது கொடுமை. ஆனால் ஜூன் மாதமே வந்து நின்றுகொண்டு "முக்கியமான கேள்வி மட்டும் குடுங்க டீச்சர்" என்றால் எனக்கு எரிச்சல் வருகிறது. அப்படித் தேறின பிள்ளை பதினொன்றாவதில் கணக்கு குரூப் எடுத்துவிட்டு முதல் இடைத்தேர்விலேயே அழுகிறது, அப்போதும் என்னிடம்தான் வருகிறார்கள்.

ஆன்லைன் எடுப்பீர்களா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எடுப்பதில்லை. மழைக்காலத்தில் கரண்டும் சிக்னலும் போட்டி போட்டுக்கொண்டு போகிற ஊரில் அது வேலைக்கு ஆகாது. அதோடு, பிள்ளை பேனாவை எந்த இடத்தில் நிறுத்துகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் எனக்குத் தெரியும்.

எட்டிலிருந்து பன்னிரண்டு வரை எடுக்கிறேன், ஜேஇஇ எடுப்பதில்லை. ஒரு நேரத்தில் ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை, என் முன்னறையில் அதற்கு மேல் இடமும் இல்லை. கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியவர்களை முதல் பேட்ச்சில் போட்டு ஆறு மணிக்கு விட்டுவிடுவேன். ஃபீஸை நேரில் பேசிக்கொள்ளலாம், இலை விலை இறங்கின மாதம் தள்ளித் தந்தாலும் பரவாயில்லை. சேர்க்க வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாங்க, மார்க் ஷீட் வேண்டாம், போன வருஷத்துக் கணக்கு நோட்டு போதும்.