என் பெயரைச் சொல்லவிடுங்கள் சார்

கால் சென்டரில் ஒரு நாளைக்கு எழுபது, எண்பது அழைப்பு, அத்தனைக்கும் முதல் வரி ஒன்றுதான்: "வணக்கம், பிரபாகர் பேசுகிறேன்." எனக்கோ திக்குவாய்; இந்தப் 'பி' இருக்கிறதே, உதடு இரண்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவே மாட்டேன் என்கிறது. 'பணம்' வராவிட்டால் 'தொகை' என்று தாவிவிடலாம், சொந்தப் பெயருக்கு மாற்றுச் சொல்லுக்கு எங்கே போவது? அந்த நாலு செகண்டில் "ஹலோ, ஹலோ, டவர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். சிலர் மிச்சத்தை அவர்களே முடித்துக் கொடுப்பார்கள், அதுவும் தப்பாக. பிரகாஷா? சரி சார், பிரகாஷே. அப்புறம் அந்த அறிவுரை, "பதட்டப்படாம பேசுங்க தம்பி." ஐயா, பதட்டத்தில் கொஞ்சம் கூடும்தான், ஆனால் திக்குவாய் வந்தது பதட்டத்தால் இல்லை. பாடினால் ஒரு எழுத்துகூடத் திக்காது, அதற்காக பில் பாக்கியை ராகம் போட்டா சொல்ல முடியும்?

மாதக் கடைசியில் குவாலிட்டிக்காரர் ரெக்கார்டிங்கைக் கேட்டு 'அதிக மௌனம்' என்று மார்க்கைக் குறைப்பார். மௌனமாம்! கழுத்து நரம்பு புடைக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன் அங்கே.

நேற்று ஒரு பாட்டி மட்டும் "அவசரமில்ல சாமி, நீ நிதானமா சொல்லு" என்று முழுசாகக் காத்திருந்தார். அந்த அழைப்புக்கும் மார்க் போச்சு, நேரம் அதிகமாகிவிட்டதாம்.