தப்பு அந்த வரியில், தம்பியிடம் இல்லை

ஞாயிற்றுக்கிழமை நம் கம்ப்யூட்டர் ஆட்களின் அஸ்தம்பட்டிக் கூட்டத்தில், கேள்வி கேட்ட ஒரு தம்பிக்கு நடந்தது வந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் சேதி போயிருக்கும். மூன்று நாள் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

அந்தத் தம்பி கேட்டதில் என்ன தப்பு? எஃப்சிங்க் என்பது எழுதியதை டிஸ்க்கில் ஏற்றிவிடச் சொல்கிற அழைப்பு. அதன் மேன் பேஜில், அதாவது கையேட்டுப் பக்கத்தில், ஒரு வரி. ஒரு கோப்பை எஃப்சிங்க் செய்துவிட்டால், அதன் பெயர் இருக்கிற டைரக்டரிப் (ஃபோல்டர்) பதிவும் டிஸ்க்கில் ஏறிவிட்டது என்று 'நெசசரிலி', அதாவது கண்டிப்பாக, அர்த்தமில்லை என்கிறது. "அப்போ எப்போ சார் ஏறும், எப்போ ஏறாது?" என்றுதான் கேட்டான். "மேன் பேஜ் படிக்கத் தெரியாதவனுக்கு சர்வர் எதுக்கு?" என்று பதில் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். நான் இரண்டு நாற்காலி தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த வரியிலேயே டைரக்டரிக்குத் தனியாக எஃப்சிங்க் வேண்டும் என்று போட்டிருக்கிறதே என்பீர்கள். சரி, போட்டிருக்கிறது. என்ன செய்யணும் என்பதற்கு அது பதில். அவன் கேட்டது எப்போது என்று. படிக்கிறவன் ஒரு வரியில் தடுக்கி விழுந்தால் முதலில் அந்த வரியைத்தான் பார்க்க வேண்டும்.

இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபாக்டரிக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுத்தேன். பிரிண்டர் டிரைவர் போட்டுவிட்டு, "கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்கக்கா" என்று கணக்கு எழுதுகிற அக்காவிடம் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் போன். பிரிண்ட் வரவில்லை. சேலத்திலிருந்து திரும்பவும் பஸ் ஏறிப் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், மெஷின் ஓடி 41 நாள் ஆகிறது என்று காட்டுகிறது. "அக்கா, நீங்க அணைக்கவே இல்லை" என்றேன். "தெனம் ராத்திரி நாந்தான் தம்பி அணைச்சுட்டுப் போறேன்" என்றார். நான் நம்பவில்லை. முதலாளி முன்னாலேயே பொய் சொல்லாதீங்க என்று சொல்லிவிட்டேன். குச்சிக்கிழங்கு மாவு படிந்த அந்தக் கீபோர்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார், என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் சொன்னது உண்மை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒன்று இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுக்கும்போது கெர்னலை, அதாவது விண்டோஸின் மையப் பகுதியை, அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் அதையே எழுப்புகிறது. ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாகப் புதிதாகத் தொடங்கும். 'ஷட் டவுன்' என்று எழுதியிருக்கிற பொத்தானை அழுத்திய ஒரு அம்மாவுக்கு அது ஷட் டவுன் இல்லை என்று எப்படித் தெரியும்? நான் மன்னிப்புக் கேட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது.

மென்பொருளையும் கையேட்டையும் இலவசமாக எழுதுகிறவர்களைக் குறை சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். அவர்கள் உழைப்பில்தான் என் பிழைப்பு ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் 1971 நவம்பரில் வந்த முதல் யூனிக்ஸ் (லினக்ஸுக்கு முன்னோடி) கையேட்டிலேயே கட்டளைகளுக்குக் கீழே 'பக்ஸ்' (பிழைகள்) என்று தலைப்புப் போட்டு, தங்கள் குறையைத் தாங்களே எழுதி வைத்தார்கள். ஓப்பன்பிஎஸ்டி என்கிற ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில், மேன் பேஜில் இருக்கிற தப்பும் 'பக்' கணக்குத்தான். எழுதியவர்களுக்கே வராத கோபம் நமக்கு ஏன் வருகிறது?

இன்னொருவர் சொன்னதுதான் சுருக்கென்று தைத்தது. "இங்கிலீஷ் வராதவங்களுக்குத்தான் இந்தப் பிரச்சனை." நான் தமிழ் மீடியம். அந்தத் தம்பியும் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னீர்கள். சரி, போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸை எழுதுகிறவர்களுக்கு இங்கிலீஷ் வராதா? எஃப்சிங்க் ஒருமுறை தோற்றால் மறுபடி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று வருடக்கணக்காக நம்பியிருந்தார்கள். லினக்ஸில் இரண்டாவது முறை 'சரி' என்று பதில் வரும், டேட்டா மட்டும் டிஸ்க்கில் இருக்காது என்பது 2018-இல்தான் அவர்களுக்கு உறைத்தது. 2019 பிப்ரவரியில் வந்த பதிப்புகளில், எஃப்சிங்க் தோற்றால் சர்வரையே நிறுத்துகிற மாதிரி மாற்றினார்கள். உலகத்தின் பாதி டேட்டாபேஸ் ஆட்கள் தடுக்கி விழுந்த இடத்தில் நம்ம பையன் நின்று ஒரு கேள்வி கேட்டான். அவனைப் பாராட்டியிருக்க வேண்டும்.

இங்கிலீஷ் வார்த்தையே வழுக்கும் என்று தெரிந்துதான் 1997-இல் ஆர்எஃப்சி 2119 என்று ஒரு இணையத் தர ஆவணம் போட்டு மஸ்ட், ஷுட், மே ஒவ்வொன்றுக்கும் அர்த்தம் எழுதி வைத்தார்கள். நம் 'லாம்' மட்டும் என்ன? "பிழை வரலாம்" என்றால் வர வாய்ப்பு உண்டு. "உள்ளே வரலாம்" என்றால் அனுமதி. தமிழிலேயே இவ்வளவு இருக்கும்போது அவனுக்கு மட்டும் எதற்கு அந்தச் சிரிப்பு?

தம்பி ஏற்காட்டு மலை நாகலூரிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி இந்தக் கூட்டத்துக்கு வந்தவன். அன்றைக்குப் பாதியிலேயே எழுந்து போய்விட்டான். போன் செய்தேன், எடுக்கவில்லை.

தம்பி, இதைப் படித்தால் அடுத்த ஞாயிறு வா. கூட்டத்துக்கு வேண்டாம், சூரமங்கலத்தில் என் வீட்டுக்கு வா. அந்த 'நெசசரிலி'யைப் பிரித்து வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஆனாலும் பேசுவோம். கடைசி பஸ் போய்விட்டால் இங்கேயே தங்கிக்கொள்ளலாம்.