அவன் அனுப்பியது நாலே வரி

நேற்று நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். இன்பாக்ஸில் வந்து கேட்பவர்களுக்காக இன்னொரு முறை சொல்கிறேன். எங்கள் 1999 எஸ்.எஸ்.சி. (பத்தாம் வகுப்பு) பேட்ச்சின் வெள்ளி விழா மலர் புரூஃப் குரூப்பில் வந்தது. என் பெஞ்ச் நண்பன் எழுதி அனுப்பிய குறிப்பு அதில் இல்லை. கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் பெயர் மட்டும் இருக்கிறது. ஏன் என்று கேட்டேன். "ஜூனியர்களுக்கு இன்ஸ்பிரேஷனா இருக்கிற புரொஃபைல் மட்டும்தான் எடுத்தோம்" என்று பதில் வந்தது. அதற்குப் பதினோரு பேர் கட்டைவிரல் போட்டிருக்கிறார்கள்.

அவன் அனுப்பியது இதுதான் (பெஸ்ட் என்பது மும்பையின் மாநகரப் பஸ் நிறுவனம்):

"2003இல் பெஸ்ட்டில் கண்டக்டராகச் சேர்ந்தேன். 2005 ஜூலை 26 அன்று என் பஸ்ஸில் இருந்த யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2020 ஊரடங்கில் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. மனைவி, இரண்டு பெண்கள், எல்லோரும் நலம்."

அந்த இரண்டாவது வரியை மும்பைக்காரன் யாராவது சாதாரணமாகத் தாண்டிப் போக முடியுமா? அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை. ரயில் நின்றுவிட்டது. குர்லா பக்கம் இவனுடைய டபுள் டெக்கரில் கீழ்த்தளம் முழுக்கத் தண்ணீர். இருந்தவர்களை எல்லாம் மாடியில் ஏற்றி, விடியும் வரை ஒருவரையும் இறங்க விடாமல் உட்கார வைத்திருந்தான். மூன்றாவது வரியும் அப்படித்தான். 2020 மார்ச்சில் லோக்கல் ரயில் நின்ற பிறகு நர்சுகளையும் துப்புரவுத் தொழிலாளர்களையும் ஏற்றிக்கொண்டு போனது பெஸ்ட் பஸ். அவனோடு வேலை பார்த்தவர்கள் சிலர் திரும்பி வரவில்லை. அவன் அதையெல்லாம் எழுதவில்லை. லீவு போடவில்லை என்று மட்டும் எழுதியிருக்கிறான்.

மலர்க் குழுவினரே, வாழ்க்கை எப்படிப் போகிறது, எழுதி அனுப்புங்கள் என்றுதான் கேட்டீர்கள். என்ன சாதித்தீர்கள் என்று கேட்கவில்லை. கேட்டதற்கு அவன் பதில் எழுதினான்.

இடம் இல்லை என்கிறார்கள். ஒருவருடைய பக்கத்தில் நாலு போட்டோ இருக்கிறது. ஒன்றை எடுத்தால் நாலு வரி வரும். இதற்கு மேல் அதைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

பணம் கொடுத்தவர்களுக்கு முன்னுரிமை என்று ஒருவர் தனியாக எழுதியிருந்தார். அச்சுக்குப் பணம் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். நானும் கொடுத்திருக்கிறேன். அப்படியானால் விளம்பரப் பக்கம் என்று தலைப்புப் போட்டிருக்கலாம். வாழ்க்கைச் செய்தி என்று போட்டுவிட்டு அதில் ஒருவன் வாழ்க்கையை மட்டும் நீக்கியதுதான் வலிக்கிறது.

நாம் படித்தது இயேசு சபைப் பள்ளி. "பிறருக்காக வாழ்பவர்கள்" என்ற வாசகத்தைப் பத்து வருடம் அசெம்பிளியில் கேட்டோம். 1973இல் ஸ்பெயினின் வலென்சியாவில் அந்தச் சபையின் தலைவர் பெத்ரோ அருப்பே பேசிய உரையிலிருந்து வந்தது அது. அன்று அவர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? நம்மைப் போன்ற முன்னாள் மாணவர்கள்தான். நம் மலரின் அட்டையிலும் அதே வாசகத்தைப் பெரிதாகப் போட்டிருக்கிறீர்கள். அப்புறம் உள்ளே இவனுக்கு இடமில்லை என்றால் எப்படி?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டார்கள். சொல்கிறேன். இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

2009 ஜனவரியில் எனக்கு வேலை போனது. வீட்டில் சொல்லவில்லை. காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு செம்பூரில் பஸ் ஏறுவேன், எங்காவது இறங்குவேன், திரும்ப ஏறுவேன். ஒரு நாள் மதியம் பன்னிரண்டு மணி. பாதி காலியான பஸ். மடியில் லேப்டாப் பை, அதற்குள் டிபன் டப்பா மட்டும். பின்னாலிருந்து டிக்கெட் பஞ்சின் டிக் டிக் சத்தம் நெருங்கி வந்து என் சீட்டருகே நின்றது. நிமிர்ந்தால் காக்கி உடுப்பில் இவன். என் முகத்தைப் பார்த்தான், பையைப் பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை. தன் சட்டைப் பாக்கெட்டிலிருந்து சில்லறையை எடுத்துத் தோல்பைக்குள் போட்டு, டிக்கெட்டைக் கிழித்து, பஞ்ச் செய்து என் கையில் வைத்தான். "செக்கர் வந்தா கேப்பான்லே, வச்சுக்க." அடுத்த ஸ்டாப்புக்கு மணியடித்துவிட்டு முன்னால் போய்விட்டான்.

அதே வருடம் பத்தாம் ஆண்டுச் சந்திப்புக்கு என்னிடம் குறிப்பு கேட்டார்கள். "கன்சல்டிங் செய்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தேன். பொய். அது அச்சாகிக் கைதட்டலும் வாங்கியது. இன்று வரை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இவனுடைய அப்பா தாராவியிலிருந்து விடியற்காலையில் சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் கட்டி, ஹாரன் அடித்து இட்லி விற்றவர். பரீட்சை நாளில் எனக்கும் சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். குழுவில் இருப்பவர்களில் மூன்று பேராவது அந்த இட்லியைச் சாப்பிட்டிருக்கிறார்கள். அது கூடவா மறந்துவிட்டது?

"அவனே கவலைப்படவில்லை, உனக்கென்ன?" இந்தக் கேள்விக்குத்தான் எனக்குச் சரியாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மைதான். நேற்று ராத்திரி போன் செய்தேன். "விடுலே, இதுக்குப் போயி" என்றான். ஆனால் பேச்சை முடிக்கும்போது, "பெரியவ கேட்டா, புக்கு எப்பப்பா வரும்னு" என்றான். மகளிடம் சொல்லி வைத்திருக்கிறான். அப்பாவின் பள்ளிக்கூட மலரில் அப்பா எழுதியது வரப்போகிறது என்று அந்தப் பெண் காத்திருக்கிறாள். கவலைப்படவில்லை என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

வீட்டு விஷயத்தைப் பொதுவில் கொண்டுவந்துவிட்டேன் என்று வருத்தப்படுபவர்களுக்கு: குரூப்பில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் அடுத்த மெசேஜ் பிறந்தநாள் வாழ்த்தாகத்தான் இருந்தது.

மலர் அடுத்த வாரம்தான் அச்சுக்குப் போகிறது. 14ஆம் பக்கம் என்னுடையது, முழுப் பக்கம். அதை எடுத்துவிடுங்கள். கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன். அந்த இடத்தில் அவனுடைய நாலு வரியை ஒரு எழுத்துகூட மாற்றாமல் போடுங்கள். போட்டோ வேண்டுமென்றால் என்னிடம் இருக்கிறது, காக்கி உடுப்பில், தோல்பையோடு. இன்றைக்கே அனுப்புகிறேன்.