நாங்கள் விட்டுவிட்டு வந்த வலை

மூன்று நாளாகப் பேசாமல்தான் இருந்தேன். பவளப்பாறையில் மாட்டிக் கிடக்கும் மீன்வலையை நாங்கள் முக்குளித்து எடுக்கிற வீடியோவின் கடைசிப் பத்து விநாடியை மட்டும் வெட்டி எடுத்து, "பாதி வலையைப் பாறையிலேயே விட்டுவிட்டு வந்து போஸ் கொடுக்கிறார்கள்" என்று போட்டவர் யார் என்று உங்களுக்கே தெரியும். பெயர் வேண்டாம். ஆனால் பதில் சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

ஆமாம், விட்டுவிட்டுத்தான் வந்தோம். தெரிந்தேதான் விட்டோம். அந்தத் துண்டின் மேல் பவளம் வளர்ந்து மூடிவிட்டது. இழுத்தால் பவளம் உடையும். அங்கே உருண்டையாக நிற்கும் பவளம் வருடத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. கால்பந்து அளவில் ஒன்றைப் பார்த்தால் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதைப் பெயர்த்துவிட்டு வலையை முழுசாக எடுத்தோம் என்று காட்ட வேண்டுமா?

நானும் ஒரு காலத்தில் இழுத்தவள்தான். மண்டபம் பக்கம், தென்கடலில், நான் எடுக்கப் போன முதல் வலை. தங்கூசி வலை, அதாவது மெல்லிய நைலான் இழை வலை, தண்ணீருக்குள் கண்ணுக்கே தெரியாது, கை பட்டால்தான் தெரியும். அவசரப்பட்டு ஒரு இழு இழுத்தேன். மான்கொம்பு மாதிரிக் கிளைத்த பவளத்தில் ஒரு விரல் நீளம் ஒடிந்து விழுந்தது. ஒடிந்த இடம் சுண்ணாம்பு வெள்ளை. கூட வந்த அண்ணன் இருபது வருடமாகச் சங்கு குளிக்கும் மீனவர். என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். படகில் ஏறிய பிறகு, "கல்லுன்னு நெனச்சு இழுக்காதம்மா. ஒவ்வொரு கண்ணியா அறுக்கணும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், திட்டக்கூட இல்லை. அன்றைக்கு அதே வலையில் ஒரு நண்டு உயிரோடு சிக்கியிருந்தது. ஒரு கொடுக்கு ஏற்கெனவே போயிருந்தது. அதை விடுவிக்கவே பத்து நிமிஷம் ஆனது. நாலு மீட்டர் ஆழம்தான், ஆனால் அலையில் உடம்பு முன்னும் பின்னும் ஆடும். கத்தியும் ஆடும். சிலிண்டரில் காற்றழுத்தம் 50 பார் என்று காட்டினால், காற்று தீரப்போகிறது என்று அர்த்தம், பாதியில் விட்டு மேலே வந்தாக வேண்டும்.

"கடலே சூடாகிக்கொண்டிருக்கிறது, வலையை எடுத்து என்ன ஆகப்போகிறது?" என்று ஒருவர். நியாயமான கேள்விதான். மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் அந்தச் சூட்டில்தான் பவளம் வெளுத்தது. அதை எங்களால் நிறுத்த முடியாது. ஆனால் வெளுத்துத் தவிக்கிற பவளத்தின் மேல் வலை கிடந்து ராவிக்கொண்டே இருந்தால் காயம் ஆறாது, அந்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்ளும். வலையையாவது எடுக்கலாம் இல்லையா? எடுக்கிறோம். அறுத்து எடுக்கிறோம், இழுத்து இல்லை.

படகுக்கு டீசல் செலவாகிறதே என்றவருக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை. போட்டோ எடுக்கிறீர்களே என்கிறார்கள். எடுக்கிறோம். எந்த இடத்தில் எவ்வளவு கிடந்தது என்று வேறு எப்படிக் காட்டுவது? சனிக்கிழமை ராத்திரி மதுரையில் பஸ் ஏறி, ஞாயிறு விடிகாலை கரையில் நின்று, திங்கட்கிழமை காது அடைத்துக்கொண்டு ஆபீஸ் போகிறவளைப் பார்த்து "பொழுதுபோக்கு" என்கிறீர்கள். வலிக்கிறது, மறைக்கவில்லை.

அதைவிட அதிகமாக வலித்தது வேறு. "மீனவன் வீசுகிறான், இவர்கள் பொறுக்குகிறார்கள்" என்ற கமென்டுக்கு முந்நூறு லைக். வலையை யாரும் வீச மாட்டார்கள், ஐயா. கடன் வாங்கி வாங்கிய வலை. ராத்திரி விசைப்படகு ஏறி அறுபடும், காற்றில் போகும், கடலடிப் பாறையில் மாட்டிக்கொள்ளும். வலை போன வீட்டில் அந்த மாதம் என்ன பாடு என்று அந்த முந்நூறு பேரில் ஒருத்தராவது கேட்டதுண்டா? எங்களைச் சொல்லுங்கள், தாங்கிக்கொள்கிறேன். அந்த அண்ணனைச் சொல்லாதீர்கள். எங்களுக்குக் கடலுக்குள் வழி காட்டுவதே அவர்தான். அவர் இல்லாமல் நாங்கள் ஒரு கண்ணிகூட அறுத்திருக்க மாட்டோம். அந்தக் கமென்டை அவர் மகள் போனில் படித்துக் காட்டியிருக்கிறாள்.

நேற்று அவருக்குப் போன் செய்தேன். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "வனத்துறை அனுமதி வந்துருச்சாம்மா? அந்த உருண்டைக் கல்லுக்குக் கிழக்கால இன்னும் ஒரு வலை கெடக்கு" என்றார்.