எழுவாய் தொலைந்த செய்திகள்

ஒரு நாளிதழில் பதினோரு ஆண்டுகள் பிழைதிருத்துபவனாக இருந்தேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம், ஊர்ப்பெயர், தொகை, தேதி ஆகியவற்றைச் சரிபார்ப்பதுதான் எனக்கு இட்ட பணி. செய்தி உண்மையா என்று கேட்பது என் வேலையில் சேராது என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்கள். ஆனால் இரவுதோறும் ஒரே மாதிரியான வாக்கியங்களைப் படித்துக்கொண்டிருப்பவனுக்கு, எழுதியவரின் கண்ணுக்குத் தப்பிய ஏதோ ஒன்று மெல்லப் புலப்படத் தொடங்கும். எனக்குப் புலப்பட்டது வினைமுற்று.

அதிகாரத்தில் இருப்பவர் சொன்னது நம் செய்திகளில் ‘நடந்தது’ என்று முடியும். மற்றவர் சொன்னது ‘நடந்ததாகக் கூறப்படுகிறது’ என்று முடியும். கைதான இளைஞன் ஒருவன் கையில் மாவுக்கட்டுடன் நீதிமன்றத்துக்கு வருகிறான். ‘தப்பியோட முயன்றபோது வழுக்கி விழுந்ததில் கை முறிந்தது’ என்று அச்சாகிறது. இதைச் சொன்னது காவல்துறை என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. அவனுடைய தாய் காவல்நிலையத்தில் அடித்தார்கள் என்று பெயர், நேரம், இடத்தோடு சொன்னால், அது ‘தாக்கப்பட்டதாகக் கூறப்படுகிறது’ என்று கடைசிப் பத்தியில் ஒதுங்குகிறது. இரண்டுமே ஒரு தரப்பின் கூற்றுதான். ஒன்றில் சொன்னவர் மறைந்து கூற்று உண்மையாகிறது, மற்றொன்றில் சொன்னவர் மறைந்து கூற்று வதந்தியாகிறது. எழுவாயை எடுத்துவிட்டால் இரண்டு வேலையும் நடந்துவிடும் என்பதை எந்த இதழியல் கல்லூரியும் கற்றுத்தருவதில்லை, ஆனாலும் ஆறு மாதத்தில் எல்லா நிருபருக்கும் கைவந்துவிடுகிறது.

இதை நான் மிகத் தெளிவாகக் கண்டது 2016ஆம் ஆண்டின் அந்த 75 நாட்களில். செப்டம்பர் 22 இரவு முதல்வர் ஜெயலலிதா சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காய்ச்சல், நீர்ச்சத்துக் குறைவு என்றது முதல் அறிக்கை. காய்ச்சல் இல்லை, வழக்கமான உணவு உட்கொள்கிறார் என்றது மறுநாள் அறிக்கை. 27ஆம் தேதி, காவிரிப் பிரச்சினை குறித்து மருத்துவமனையிலேயே அதிகாரிகளுடன் அவர் ஆலோசனை நடத்தியதாக அரசின் செய்திக்குறிப்பு வந்தது. அக்டோபர் 11 அன்று, முதல்வரின் ஆலோசனையின் பேரில் அவருடைய துறைகள் ஓ. பன்னீர்செல்வத்துக்கு ஒதுக்கப்படுவதாக ஆளுநர் மாளிகை அறிவித்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் சுவாச உதவியோடு இருக்கும் ஒருவர் ஆலோசனை வழங்கியது எப்படி, எழுத்திலா, வாய்மொழியிலா, யாரிடம் என்ற கேள்விகளைப் பக்கம் முழுக்கத் தேடினேன். ‘முதல்வரின் ஆலோசனைப்படி துறைகள் மாற்றம்’ என்ற தலைப்புதான் இருந்தது. எழுத்துப்பிழை ஒன்றும் இல்லாததால் என்னால் அதில் கைவைக்க முடியவில்லை.

மருத்துவமனை வாசலில் இரவும் பகலும் நின்ற நிருபர்களையும் ஒளிப்பதிவாளர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். உள்ளே போக வழியில்லை. வெளியே வருகிற அமைச்சரோ கட்சிக்காரரோ இரண்டு வாக்கியம் சொல்லிவிட்டு வண்டியில் ஏறிவிடுவார். ‘அம்மா நலமாக இருக்கிறார், இட்லி சாப்பிட்டார்’ என்பது அப்படி வந்த வாக்கியம்தான். ‘இட்லி சாப்பிட்டார் என்று கட்சியினர் கூறினர். அவரை நேரில் பார்த்தீர்களா என்ற கேள்விக்குப் பதில் அளிக்கவில்லை’ என்று இரண்டே வரி எழுதியிருந்தால் போதும். அதற்கு உள்ளே போகத் தேவையில்லை, துணிச்சல்கூடப் பெரிதாகத் தேவையில்லை. யார் சொன்னார், அவருக்கு அது எப்படித் தெரியும் என்ற இரண்டு விவரங்கள் மட்டுமே தேவை.

அக்டோபர் கடைசியில் நடந்த ஒன்றை இப்போது நினைத்தாலும் வியப்பாக இருக்கிறது. திருப்பரங்குன்றம் உள்ளிட்ட தொகுதிகளின் தேர்தலுக்காகக் கட்சி கொடுத்த படிவத்தில் ஜெயலலிதாவின் கையெழுத்துக்குப் பதிலாக இடது கைப் பெருவிரல் ரேகை இருந்தது. மூச்சுக்குழாயில் துளையிட்டுச் சிகிச்சை அளித்திருப்பதாலும் வலது கையில் வீக்கம் இருப்பதாலும் ரேகை வைத்ததாக அரசு மருத்துவர் ஒருவர் சான்றளித்திருந்தார். ஒரு மாதமாக நாள்தோறும் மருத்துவச் செய்தி போட்டுக்கொண்டிருந்த நாங்கள், ஒரு வேட்பாளருக்குச் சின்னம் ஒதுக்கும் காகிதத்திலிருந்துதான் முதல்வரின் உண்மையான நிலையைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டோம். அந்த ரேகையை ஏற்கமுடியாது என்று 2019 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பரங்குன்றம் தேர்தல் வெற்றியையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. அதற்குள் வென்றவரும் இறந்துவிட்டார்.

ஏன் யாரும் கேட்கவில்லை என்பதற்கு ‘ஊடகங்கள் விலைபோய்விட்டன’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நம் வழக்கம். அது முழு விடை இல்லை. 2011 முதல் 2016 வரையிலான ஐந்தாண்டுகளில் தமிழக அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 213 என்றும், அவற்றில் 55 ஊடகங்கள் மீதானவை என்றும் உச்ச நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நீங்களோ நானோ அவதூறு வழக்குப் போட்டால் நம் காசில் வழக்கறிஞர் வைத்து, நாமே கூண்டேறிச் சாட்சி சொல்லவேண்டும். முதல்வருக்கு அந்தச் சிரமம் இல்லை. அரசு வழக்கறிஞரே நேரடியாக அமர்வு நீதிமன்றத்தில் புகார் கொடுத்துவிடலாம். வழக்கில் அரசு வெல்லவேண்டும் என்றுகூட இல்லை. ஆசிரியரும் வெளியீட்டாளரும் வாய்தாவுக்கு வாய்தா நீதிமன்றத்துக்கு அலைந்தால் போதும், அடுத்த முறை அந்த வினைமுற்று தானாகவே மாறிவிடும். அந்த அக்டோபரில் முதல்வரின் உடல்நிலை பற்றி வதந்தி பரப்பியதாகச் சமூக ஊடகத்தில் எழுதிய சிலரைக் காவல்துறை கைதும் செய்தது. செய்தி வறண்ட இடத்தில் வதந்தி முளைக்காமல் வேறு என்ன முளைக்கும்?

1984 அக்டோபரில் இதே மருத்துவமனையில்தான் முதல்வர் எம்.ஜி.ஆர். சேர்க்கப்பட்டார். அப்போது தனியார் தொலைக்காட்சி இல்லை, கைப்பேசி இல்லை. ஆனால் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே, பெயரும் முகமும் உள்ள ஒரு மருத்துவர், நாள்தோறும் பத்திரிகையாளர்களைச் சந்தித்து நோயாளியின் நிலையை விளக்கினார். பின்னர் அமெரிக்காவின் புரூக்ளின் மருத்துவமனையில் எம்.ஜி.ஆர். இருக்கும் படம் தமிழகமெங்கும் திரையிடப்பட்டு, அவர் ஊரில் இல்லாமலே ஆண்டிபட்டியில் வென்றார். அது அப்பட்டமான தேர்தல் பிரசாரம்தான். ஆனாலும் சொன்னவர் யார் என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது, தவறென்றால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதும் தெரிந்திருந்தது. 2016இல் மு. கருணாநிதி ஒரு புகைப்படமாவது வெளியிடுங்கள் என்று கேட்டது இந்தப் பழைய நினைவில்தான். அவர் கேட்டது எதிர்க்கட்சி அரசியலாகச் செய்தியானது. பத்திரிகைகள் தாமே கேட்டிருக்கவேண்டிய கேள்வி அது.

டிசம்பர் 5 மாலையில் சில தொலைக்காட்சிகள் முதல்வர் இறந்துவிட்டார் என்று அறிவித்தன. இராயப்பேட்டைக் கட்சி அலுவலகத்தில் கொடி அரைக்கம்பத்துக்கு இறங்கியது. மருத்துவமனை மறுத்ததும் கொடி மறுபடி ஏறியது, தொலைக்காட்சிகளும் செய்தியை இறக்கிக்கொண்டன. எங்கள் அலுவலகத்தில் இரங்கல் பக்கம் தயாராகி, மூடப்பட்டு, மறுபடி திறக்கப்பட்டது. ‘வட்டாரங்கள் தெரிவிக்கின்றன’ என்ற ஒரே சொற்றொடரை நம்பி ஏழு கோடி மக்களின் முதல்வரை ஒரு மணி நேரத்துக்குள் இறந்தவராகவும் உயிருடன் இருப்பவராகவும் அறிவிக்க முடிந்தது.

அடுத்த செப்டம்பரில் அமைச்சர் திண்டுக்கல் சீனிவாசன் மதுரைக் கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டார். இட்லி சாப்பிட்டார் என்று நாங்கள் சொன்னதெல்லாம் பொய், உண்மையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை என்றார். நாங்கள் பார்த்தோம் என்று இன்னொரு அமைச்சர் மறுத்தார். ஒரு அமைச்சர் வெளிப்படையாகப் பொய்யை ஒப்புக்கொண்ட பிறகாவது, அந்தப் பொய்யை அச்சிட்ட செய்தித்தாள்களில் ஏதாவது ஒன்று ‘நாங்களும் விசாரிக்காமல் போட்டுவிட்டோம்’ என்று ஒரு பெட்டிச் செய்தி வெளியிடும் என்று எதிர்பார்த்தேன். என் கண்ணில் எதுவும் படவில்லை.

ஆட்சிக்கு ஆட்சி இது மாறுவதாகவும் தெரியவில்லை. 2018 மே 22இலும் மறுநாளும் தூத்துக்குடியில் காவல்துறை சுட்டு 13 பேர் இறந்தனர். ‘துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி’ என்ற தலைப்பில் யார் சுட்டார் என்பதே இல்லை. துப்பாக்கி தானாகச் சுட்டுக்கொண்டதுபோல. சம்பவத்தைத் தொலைக்காட்சியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி சொன்னதும் அப்படியே வந்தது. உயர் அதிகாரிகள் அவருக்கு அவ்வப்போது தகவல் தந்துகொண்டிருந்தார்கள் என்று பின்னாளில் நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் கூறியது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் முதல் சாவுகள் விழுந்தபோது கள்ளச்சாராயம் காரணமில்லை என்றது மாவட்ட நிர்வாகம். அது மாவட்ட நிர்வாகத்தின் கூற்றாக மட்டும் அன்று சொல்லப்பட்டு, கூடவே தெருவில் இருந்தவர்கள் எதைக் குடித்தோம் என்று சொன்னதும் அதே அளவில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த மறுப்பை நம்பி மேலும் சிலர் குடித்தார்கள் என்று எதிர்க்கட்சிகள் குற்றம்சாட்டின. பலியானோர் எண்ணிக்கை 60ஐத் தாண்டியது. மெத்தனால் கலந்த சாராயம் என்பதும் உறுதியானது.

கட்சித் தொலைக்காட்சிகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. எது யாருடைய அலைவரிசை என்று டீக்கடையில் நிற்பவருக்கும் தெரியும். அதற்கேற்பக் கழித்துக்கொண்டுதான் அவர் கேட்கிறார். இந்த வினைமுற்றுக்கு அப்படிக் கழிவு கிடையாது. நடுநிலை என்று பெயரெடுத்த நாளிதழிலும் அது இருக்கிறது, படிப்பவரும் அதை நடுநிலையான நடை என்றே எண்ணுகிறார்.

ஜெயலலிதாவின் மரணம் குறித்து விசாரித்த நீதிபதி ஆறுமுகசாமி ஆணையத்தின் அறிக்கையும் தூத்துக்குடி அறிக்கையும் 2022 அக்டோபர் 18 அன்று, ஒரே நாளில், சட்டமன்றத்தில் வைக்கப்பட்டன. அளித்த சிகிச்சையில் தவறில்லை என்று எய்ம்ஸ் மருத்துவர் குழு முன்னரே சொல்லியிருந்தது. ஆணையமோ சாட்சிகளின் அடிப்படையில், இறந்த நேரம் டிசம்பர் 4 பிற்பகல் 3 மணிக்கும் 3.50க்கும் இடையில் என்று குறிப்பிட்டது. மருத்துவமனை அறிவித்தது டிசம்பர் 5 இரவு 11.30. எது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் அறிக்கையைப் படித்த அன்று, பரணில் கட்டிவைத்திருந்த 2016 டிசம்பர் 6ஆம் தேதிப் பிரதியை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில், முதல் வாக்கியம், ‘நேற்று இரவு 11.30 மணிக்குக் காலமானார்’ என்று முடிகிறது. ‘என்று மருத்துவமனை அறிவித்தது’ என்ற மூன்று சொற்கள் அங்கே இல்லை. ‘மணிக்குக் காலமானார்’ என்பதில் ஒற்று மிகுந்திருக்கிறதா என்று பார்த்து, சரி என்று கையெழுத்திட்டு அந்தப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பியவன் நான்தான்.