பொறுப்பை மட்டும் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள்

ஒரு மேடை நிகழ்ச்சியின் காணொளியை இங்கே பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். "நான் எதில் பின்தங்குகிறேன் என்று என் மேலாளர் சொல்வதே இல்லை, நான் என்ன செய்வது?" என்று கேட்ட இளம் ஊழியருக்கு, "உங்கள் வளர்ச்சிக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார் மேடையில் இருந்தவர். அரங்கமே கைதட்டியது. அந்தக் கைதட்டலை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வளர்ச்சிக்கு நான் பொறுப்பு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையான தகவலையும் நேரத்தையும் வாய்ப்பையும் தம் கையில் வைத்துக்கொண்டு, பொறுப்பை மட்டும் தருவது தலைமை ஆகாது.

தேர்ச்சி பற்றிப் பேசுகிறவர்கள் உளவியலாளர் ஆன்டர்ஸ் எரிக்சன் குழுவினரின் 1993ஆம் ஆண்டு ஆய்வைச் சொல்லத் தவறுவதில்லை. பெர்லினில் வயலின் பயின்ற மாணவர்களில் மிகச் சிறந்தவர்கள் இருபது வயதுக்குள் சராசரியாகச் செலவிட்ட பத்தாயிரம் மணி நேர உழைப்பு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. எதைப் பயில வேண்டும் என வகுத்துத் தரும் ஆசிரியரும், செய்தது சரியா என்று உடனுக்குடன் தெரிந்துகொள்ளும் வழியும் அந்தப் பயிற்சியின் பகுதி என்பதை ஏன் எவரும் சொல்வதில்லை? அவர்கள் தனியாக உழைத்தவர்கள்தாம். வழி தெரியாமல் உழைத்தவர்கள் அல்லர்.

என் முதல் வேலையில் குழுத் தலைவர் ஆண்டு முழுவதும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிட்டு, ஆண்டு மதிப்பீட்டில் "முன்முயற்சி போதாது" என்று எழுதினார். எந்தப் பணியில் என்று கேட்டேன். "நீங்களே யோசித்துப் பாருங்கள்" என்றார். இரவெல்லாம் யோசித்தேன், கிடைத்த விடைகளில் ஒன்றுகூட என் வேலையைப் பற்றியதாக இல்லை, எல்லாம் என் தகுதியைப் பற்றிய சந்தேகங்களாகவே இருந்தன. க்ளூகர், டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து 1996இல் வெளியிட்ட தொகுப்பாய்வைப் பிறகு படித்தேன். பின்னூட்டம், அதாவது ஒருவர் செய்த வேலையைப் பற்றி அவரிடம் சொல்லும் கருத்து, சராசரியாகப் பலன் தருகிறது; ஆயினும் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நேர்வுகளில் அது செயல்திறனைக் குறைத்திருக்கிறது. கவனம் வேலையிலிருந்து விலகித் தன்னைப் பற்றியதாக மாறும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். மதிப்பீட்டில் இருந்த அந்த ஒற்றை வரி எனக்குச் செய்ததும் அதுதான்.

எவர் உதவியும் இல்லாமல் முன்னேறியவர்கள் இல்லையா என்பீர்கள். இருக்கிறார்கள், மதிக்கிறேன். "இப்படி எழுதினால் இளைஞர்கள் சாக்குச் சொல்லப் பழகிவிடுவார்கள்" என்று சிலர் சொல்வதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தன் குறை என்னவென்று தெரிந்துகொள்ள ஓர் அரங்கத்தின் நடுவே எழுந்து நிற்பவரா சாக்குச் சொல்கிறவர்? மேலாண்மை ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து 1999இல் எழுதியதைப் படியுங்கள்: கேள்வி கேட்டாலும் தவறை ஒப்புக்கொண்டாலும் இழிவு நேராது என்று உறுப்பினர்கள் நம்பிய குழுக்களில்தான் கற்றல் மிகுதியாக நடந்தது. அந்த நம்பிக்கையை ஓர் ஊழியர் தனியாளாக உருவாக்க முடியாது. அது முதலில் தலைவரிடமிருந்து வர வேண்டும்.

பொறுப்பை மட்டும் தரும் இதே தலைவர்கள், குழு வெற்றி பெறும்போது எப்படிப் பேசுகிறார்கள் என்பதையும் பார்த்திருக்கிறேன். நாங்கள் ஒரு கடினமான பணியை முடித்துக் கொடுத்த நாளில், என் குழுத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் "இவர்களை வளர்த்தது நான்" என்றார். சில மாதங்களில் எங்களில் ஒருவர் மனம் உடைந்து வேலையை விட்டுப் போனபோது, "அவருக்கு வளரும் எண்ணமே இல்லை" என்றார். போனவருக்குக் கடைசி நாள் வரை அவர் ஒரு வார்த்தைகூடச் சொல்லித்தரவில்லை என்பது, பக்கத்து மேசையில் இருந்த எனக்குத் தெரியும்.